குடை ரிக்கைக் கடலில் போடும்போது வரும் கோளாறுகள்: அறிகுறி வாரியாக

ஹூஸ்டன் பக்கம் தூண்டில் போடும் நம் ஆட்கள், ஏரியில் பாஸ் மீனுக்கு வாங்கிய அலபாமா ரிக்கை (குடை ரிக்கின் இன்னொரு பெயர்) அப்படியே டெக்சஸ் கடற்கரையில் உள்ள கால்வெஸ்டனுக்குக் கொண்டுபோகிறார்கள். ஞாயிற்றுக்கிழமை மதியம் போன் வரும்: “அண்ணே, எறிஞ்சா சிக்குது.” “அண்ணே, கம்பி ஒடிஞ்சு ரெண்டு லூர் போயிடுச்சு.” கேள்விகள் திரும்பத் திரும்ப அதேதான். அதனால் அறிகுறி வாரியாகப் பிரித்து எழுதிவைக்கிறேன். உங்களுக்கு எது நடக்கிறதோ அந்தத் தலைப்புக்கு நேராகப் போய்விடுங்கள். எல்லாவற்றிலும் காசு செலவில்லாத காரணம் முதலில் வரும், பணம் கேட்கும் காரணம் கடைசியில் வரும்.

சாமான் தெரியாதவர்களுக்காக: ஒரு ஈயத் தலை, அதிலிருந்து விரியும் ஐந்து கம்பிக் கைகள், ஒவ்வொரு கை நுனியிலும் சுவிவலோடு (சுழலும் வளையம்) ஒரு ஸ்நாப் (திறந்து மூடும் கொக்கி), அதில் ஒரு ஜிக் ஹெட் (ஈயத் தலையுள்ள தூண்டில் முள்), அதன் மேல் ஒரு ரப்பர் மீன். இதைத்தான் லூர் என்கிறோம். தண்ணீருக்குள் ஐந்தும் சேர்ந்து போகும்போது பொடிமீன் கூட்டமாகத் தெரியும். 2011 அக்டோபரில் அலபாமாவின் கன்டர்ஸ்வில் ஏரிப் போட்டியில் பால் எலியாஸ் இதை வைத்து ஜெயித்த பிறகுதான் ஏரிக்காரர்கள் எல்லோர் கைக்கும் இது வந்தது. ஆனால் நியூயார்க்கின் மொன்டாக் பக்கம் ஸ்ட்ரைப்டு பாஸுக்காகப் படகின் பின்னால் குடை ரிக் கட்டி இழுப்பது அதைவிடப் பல வருடம் மூத்த பழக்கம். குடைக்கு உப்புத்தண்ணீர் ஒத்துவரும். ஏரிக்கென்று செய்த மெல்லிய கம்பிக்கும் மெல்லிய முள்ளுக்கும்தான் அது ஒத்துவராது. கீழே வரும் தொல்லைகளில் முக்கால்வாசி அங்கிருந்துதான் கிளம்புகின்றன.

## எறிந்ததும் கைகள் ஒன்றோடொன்று சிக்குகின்றன

முதலில் கைகளை விரித்தீர்களா என்று பாருங்கள். பெட்டியிலிருந்து எடுக்கும்போது ஐந்து கம்பியும் ஒரே கட்டாக ஒட்டிக்கொண்டிருக்கும். நடுக் கையை நேராக விட்டுவிட்டு, மற்ற நான்கையும் மேலே இரண்டு, கீழே இரண்டு என்று மெதுவாக வளைத்துத் திறங்கள். கம்பி ஈயத்துக்குள் நுழையும் இடத்திலேயே வளைக்காதீர்கள். ஒரு விரல் அகலம் தள்ளி வளையுங்கள். ஈயத்தின் வாயிலேயே வளைத்த கம்பி பிறகு அங்கேயே ஒடியும். பக்கத்துப் பக்கத்து நுனிகளுக்கு நடுவே ஐந்தாறு அங்குலம் இருந்தால் போதும்.

விரித்தும் சிக்குகிறதா? அப்படியானால் கோளாறு எறியும் முறையில் இருக்கிறது. ஒற்றை லூரை மணிக்கட்டால் சுண்டி எறிகிற பழக்கம் இதற்கு ஆகாது. ராடு (தூண்டில் கம்பு) நுனியிலிருந்து ரிக் இரண்டடி தொங்கட்டும். இரண்டு கையாலும் பிடித்து, பின்னால் முழுதாகக் கொண்டுபோய், ரிக்கின் கனம் ராடில் இறங்குவதை உணர்ந்த பிறகு, வேகப்படுத்தாமல் ஒரே வீச்சாக வீசுங்கள். அது தண்ணீரில் விழுவதற்கு ஒரு நொடி முன்னால் ஸ்பூலை (ரீலில் தூண்டில் நரம்பு சுற்றிய உருளை) விரலால் லேசாகத் தொட்டு வேகத்தைக் குறையுங்கள். முன்னால் பறக்கும் தலை சற்றே பின்னுக்கு இழுபடும், பின்னால் வரும் லூர்கள் முன்னே வீசப்பட்டு விரிந்து விழும். இந்த ஒரு பழக்கம் வந்துவிட்டால் சிக்கல் கிட்டத்தட்ட நின்றுவிடும். எதிர்காற்றில் மட்டும் இதுவும் பலிக்காது. கால்வெஸ்டனில் தென்கிழக்குக் காற்று சர்வசாதாரணம், அதனால் காற்றை முதுகில் வாங்கும் பக்கமாகப் போய் நில்லுங்கள்.

அப்படியும் சிக்கினால் கம்பிகள் நெளிந்து போயிருக்கும். நெளிந்த கம்பியை நிமிர்த்த முடியும், ஆனால் பழைய நேர்த்தி திரும்பாது. புதிது வாங்குவதானால் ஐந்து கை வேண்டாம், மூன்று கை ரிக் வாங்குங்கள். கனம் குறைவு, காற்றில் நிதானமாகப் பறக்கும், மீனும் குறைவதில்லை. கரையோரக் கடலுக்கு என் தேர்வு எப்போதும் அதுதான்.

## இழுக்கும்போது குடை சுழல்கிறது, நரம்பு முறுக்கிக்கொள்கிறது

தெளிவான தண்ணீருள்ள இடத்தில் மூன்றடி நரம்பை மட்டும் விட்டு, ரிக்கைப் பக்கவாட்டில் இழுத்துப் பாருங்கள். ஒரே பக்கமாகச் சாய்ந்து ஓடுகிறதா, முழுதாகச் சுற்றுகிறதா என்பது பார்த்த மாத்திரத்தில் தெரியும்.

சாய்ந்து ஓடினால் ஏதோ ஒரு ரப்பர் மீன் கோணலாகக் குத்தப்பட்டிருக்கிறது. முள் வெளியே வரும் இடம் முதுகின் நடுக்கோட்டில் இருக்க வேண்டும். ஒரு நூல் விலகினாலும் அந்த மீன் ஒரு பக்கமாக நீந்தி மற்ற நான்கையும் இழுத்துக்கொண்டு போகும். கழற்றித் திரும்பக் குத்துங்கள். வால் கிழிந்ததை மாற்றுங்கள். கனம் வித்தியாசமான ஜிக் ஹெட்டுகள் கலந்திருந்தால், கனமானவற்றைக் கீழ்க் கைகளுக்கு மாற்றுங்கள்.

முழுதாகச் சுற்றினால் கைகளின் விரிவு சமமாக இல்லை, அல்லது வேகம் அதிகம். மெதுவாக இழுத்தும் சுற்றினால் தலைக்கு முன்னால் உள்ள சுவிவலை விரலால் திருகிப் பாருங்கள். உப்புக் காய்ந்து இறுகிய சுவிவல் பார்வைக்கு நன்றாகத்தான் இருக்கும், ஆனால் திரும்பாது. அதை மாற்ற ஒரு டாலர்கூட ஆகாது.

ஏற்கெனவே முறுக்கிய நரம்பை வெட்டி எறிய வேண்டாம். ரிக்கைக் கழற்றிவிட்டு, வெறும் நரம்பை நீரோட்டத்திலோ மெதுவாகப் போகும் படகின் பின்னாலோ நீளமாக விட்டுச் சற்று நேரம் இழுபட விடுங்கள். முறுக்கு தானாகப் பிரிந்துவிடும்.

## எறியும்போதே நரம்பு அறுந்து ரிக் பறந்துபோகிறது

இதில் பணமும் போகும், பக்கத்தில் நிற்பவருக்கு ஆபத்தும் வரும். ஐந்து முள்ளோடு ஒரு ஈயக்கட்டி கட்டுப்பாடின்றிப் பறப்பது விளையாட்டல்ல. டெக்சஸ் சிட்டி டைக் மாதிரிக் கூட்டமான இடத்தில், காரணம் தெரியும்வரை இரண்டாவது முறை எறியாதீர்கள்.

முதல் சோதனை கணக்குதான். தலை 3/8 அவுன்ஸ், ஐந்து ஜிக் ஹெட் தலா 1/8 அவுன்ஸ், ஐந்து ரப்பர் மீன் தலா கால் அவுன்ஸுக்குக் கொஞ்சம் மேல். கூட்டினால் இரண்டே கால் அவுன்ஸைத் தாண்டும். ஏறத்தாழ 70 கிராம். உங்கள் ராடின் கைப்பிடிக்கு மேலே எழுதியிருப்பதைப் படியுங்கள். கரையோர மீன்பிடிக்கு விற்கும் ராடுகளில் பலவும் 1/4 முதல் 3/4 அவுன்ஸ் வரைக்குத்தான். மூன்று மடங்கு கனத்தை அதில் வீசினால் நரம்போ ராடோ ஒன்று போயே தீரும். அவசரத்துக்குத் தீர்வு: ரப்பர் மீனை மூன்று அங்குல அளவுக்குக் குறைப்பது, இரண்டு கையைக் கழற்றுவது. நிரந்தரத் தீர்வு: 2 முதல் 4 அவுன்ஸ் தாங்கும் கனமான ராடும் 50 அல்லது 65 பவுண்டு பிரெய்டும் (பின்னல் நரம்பு).

கணக்கு சரியாக இருந்தும் அறுந்தால், அறுந்த முனையைக் கையில் எடுத்துப் பாருங்கள்.

### முனை பன்றிவால் மாதிரிச் சுருண்டிருக்கிறது

முடிச்சு உருவிக்கொண்டு வந்திருக்கிறது. பிரெய்டையும் லீடரையும் (பிரெய்டின் நுனியில் சேர்க்கும் தனி நரம்புத் துண்டு) சேர்க்க எஃப்ஜி முடிச்சு போடுங்கள். மெலிதாக இருப்பதால் வளையங்களில் இடிக்காது. அது கைவராவிட்டால் லீடரைக் குட்டையாக வைத்து, எறியும்போது முடிச்சு ராடு நுனிக்கு வெளியே நிற்கும்படி பாருங்கள்.

### முனை பஞ்சுபோலப் பிரிந்திருக்கிறது

எங்கோ உரசுகிறது. காது குடையும் பஞ்சுக் குச்சியை ராடின் ஒவ்வொரு வளையத்துக்குள்ளும் சுற்றி எடுங்கள். பஞ்சு எங்கே இழை விடுகிறதோ அங்கே வளையத்தின் உள்பூச்சு வெடித்திருக்கிறது. நுனி வளையம் என்றால் பசையைச் சூடுகாட்டி நீங்களே மாற்றலாம். நடு வளையம் நூல் சுற்றிப் பிசின் பூசியது. அதை ராடு பழுதுபார்ப்பவரிடம் கொடுங்கள். ராடின் உடம்பிலேயே மயிரிழை விரிசல் தெரிந்தால் அதோடு எறிவதை நிறுத்திவிடுங்கள்.

### முனை கத்தியால் வெட்டியதுபோல் சுத்தமாக இருக்கிறது

ரீலில் நரம்பு குருவிக்கூடு கட்டி, பறக்கும் வேகத்தில் திடீரென நின்றதால் அறுந்தது. ரீலின் பிரேக்கை ஒன்றிரண்டு புள்ளி ஏற்றுங்கள்.

## கம்பி ஒடிகிறது, அல்லது ஒரு லூர் காணாமல் வருகிறது

உப்பு தன் வேலையைக் காட்டுவது இங்கேதான். ரிக்கை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து, கை நுனியில் கம்பி வளைந்து சுவிவலுக்குள் போகும் இடத்தைக் கண்ணருகே கொண்டுவாருங்கள். சுவிவலின் உருளைக்கும் வளையத்துக்கும் நடுவே டீக்கறை நிறத்தில் ஒரு மெல்லிய கோடு தெரிந்தால் உள்ளே துரு பிடித்துவிட்டது. வெளியில் பளபளப்பாக இருக்கும். அதை நம்பக் கூடாது. நகத்தால் ஸ்நாப்பின் வாயைத் திறந்து மூடுங்கள். ‘டிக்’ என்று பூட்டாமல் தொளதொளவென்று இருந்தால் அடுத்த பெரிய மீன் அதைத் திறந்துகொண்டு போகும்.

கம்பியே நடுவில் ஒடிந்திருந்தால், ஒரே இடத்தில் திரும்பத் திரும்ப வளைத்து நிமிர்த்தியிருக்கிறீர்கள். ஒவ்வொரு மீனுக்குப் பிறகும் கை வளையும், நிமிர்த்தாமல் இருக்க முடியாது. ஆனால் ஒரு கை இறுக்கமில்லாமல் சுலபமாக வளையத் தொடங்கிவிட்டால் அதன் ஆயுள் முடிந்தது. அந்தக் கையில் முள் மாட்டாதீர்கள். முள்ளில்லாத ரப்பர் மீனை மட்டும் போடுங்கள்.

ஸ்நாப் இருக்கிறது, ஜிக் ஹெட் இருக்கிறது, ரப்பர் மட்டும் பாதியில் நறுக்கியதுபோல் வந்தால் அது ஸ்பானிஷ் மேக்கரல் அல்லது புளூஃபிஷ். முன்னது நம் ஊர் வஞ்சிரத்தின் நெருங்கிய சொந்தம், பல்லும் அப்படியே. வாலில் மட்டும் சின்னச் சின்ன அரைவட்டக் கடிகள் இருந்தால் பின்ஃபிஷ் கூட்டம். இரண்டுக்கும் மருந்து இடம் மாறுவதுதான். இழுத்தால் நீளும் அழுத்தமான ரப்பர் வகை ஒன்று கிடைக்கிறது, பின்ஃபிஷ் கடியைத் தாங்கும். அதை மட்டும் சாதாரண ரப்பரோடு ஒரே பையில் போட்டுவிடாதீர்கள். இரண்டும் இளகி ஒட்டிக்கொள்ளும்.

துருவுக்கு மருந்து நல்ல தண்ணீர். வீட்டுக்கு வந்ததும் லூர்களைக் கழற்றி, ரிக்கை ஒரு வாளித் தண்ணீரில் ஊறவிட்டு, அலசி, நிழலில் தொங்கவிடுங்கள். ஈரத்தோடு பெட்டிக்குள் போட்ட ஒரு ரிக் பெட்டியில் உள்ள மற்ற முட்களையும் சேர்த்துத் துருவேற்றிவிடும். அலசிக் காயவைத்தாலும் ஏரிக்கான மலிவு ஸ்நாப்புகள் ஒரு பருவத்துக்கு மேல் தாங்காது. பருவம் தொடங்கும்போது ஐந்தையும் ஒரே நாளில், கடலுக்கான ஸ்டெய்ன்லெஸ் ஸ்நாப்பாக மாற்றிவிடுங்கள். ரிக்கைத் தூக்கிப்போட்டுப் புதிது வாங்குவதைவிட அது மலிவு.

## கொத்துகிறது, மாட்டவில்லை

ஐந்து முள்ளையும் கட்டைவிரல் நகத்தில் வைத்து லேசாக இழுங்கள். வழுக்குகிற முள் மழுங்கியது, தீட்டுங்கள் அல்லது மாற்றுங்கள்.

கூட்டத்தில் பின்தங்கி வரும் மீனைத்தான் பெரிய மீன் தேர்ந்தெடுக்கும். ஆகவே நடுக் கை மற்றதைவிட நீளமாக இருக்க வேண்டும், அதில் உள்ள ரப்பர் மீன் ஒரு அளவு பெரிதாகவோ வேறு நிறத்திலோ இருக்க வேண்டும். ஐந்தும் ஒரே மாதிரி இருந்தால் மீன் பின்னாலேயே வந்து, மோதி, விலகிவிடும். நான்கு வெள்ளை, நடுவில் ஒன்று மட்டும் கொஞ்சம் மஞ்சள் பச்சை என்று வைத்துப் பாருங்கள்.

ரெட்ஃபிஷ் உள்ள இடத்தில் இப்படி நடந்தால் ஆழத்தைக் கவனியுங்கள். ரெட்ஃபிஷ்ஷின் வாய் கீழ்நோக்கி அமைந்தது. தரையை முகர்ந்து தின்கிற மீன். தலைக்கு மேலே போகும் கூட்டத்தைத் துரத்தினாலும் சரியாகக் கவ்வாது. ரிக்கை இன்னும் இரண்டு மூன்று எண்ணிக்கை கீழே இறங்கவிட்டு இழுங்கள்.

மந்தமாக இடித்துவிட்டு நின்றுபோகிறது என்றால் பெரும்பாலும் கெளுத்தி. அதன் துடுப்பு முள்ளில் விஷம் உண்டு. மேலே வந்தால் கையால் பிடிக்காமல் இடுக்கியால் கழற்றுங்கள்.

## மாட்டுகிறது, பாதியில் கழன்றுவிடுகிறது

திரும்பி வந்த முள்ளைப் பாருங்கள். முள் நேராகவே இருந்து மீன் மட்டும் போயிருந்தால் அது ஸ்பெக்கிள்ட் ட்ரவுட்டாக இருக்கலாம். ட்ரவுட் என்று பெயரே தவிர, இது நம் ஊர்க் கத்தாழைக் குடும்பத்து மீன்தான். வாயோரத் தோல் மிக மெல்லியது. பிரெய்டு நரம்பு துளியும் நீளாது, ராடும் விறைப்பு, டிராக்கும் (மீன் இழுத்தால் நரம்பை விட்டுக்கொடுக்கும் ரீலின் பிடி) இறுக்கம் என்றால் தோல் கிழிந்துவிடும். டிராக்கைத் தளர்த்துங்கள். கொத்தியதும் பலமாக வெட்டி இழுக்காமல், ரீலைச் சுற்றிக்கொண்டே ராடை மெதுவாக ஒதுக்குங்கள். ஓடுகிற குடையின் கனமே முள்ளை ஏற்றிவிடும்.

முள் விரிந்து வந்திருந்தால் ஜிக் ஹெட் ஏரிக்கானது. மெல்லிய முள், ரெட்ஃபிஷ்ஷின் முதல் ஓட்டத்திலேயே திறந்துகொள்ளும். கோடையில் ஜாக் கிரெவல் வந்து மாட்டினால் நிலைமை இன்னும் மோசம். பாரை மீன் குடும்பத்தின் முரட்டுப் பலம் அதற்கு உண்டு. தடித்த கம்பியில் செய்த கடல் முள்ளுள்ள ஜிக் ஹெட் வாங்குங்கள். ஐந்துக்கும் வாங்கப் பணமில்லை என்றால் நடுக் கைக்கும் கீழ்க் கைகள் இரண்டுக்கும் மட்டும் போதும், மற்ற இரண்டிலும் முள்ளே வேண்டாம். வீட்டில் தொங்கு தராசு இருந்தால் நரம்பு நுனியை அதில் கட்டி இழுத்து, இரண்டரை மூன்று கிலோவில் டிராக் சுற்றும்படி வைத்துக்கொள்ளுங்கள்.

## சிப்பித் திட்டில் மாட்டிக்கொள்கிறது, பாசி அள்ளிக்கொண்டு வருகிறது

சிப்பித் திட்டின் மேல் இந்த ரிக்கைப் போடவே போடாதீர்கள் என்பதுதான் என் முதல் பதில். கால்வெஸ்டன் வளைகுடாவின் திட்டுகள் பல ஆழமில்லாதவை. ஐந்து முள் அங்கே இறங்கினால் ஒன்று கட்டாயம் மாட்டும். திட்டின் ஓரமாக, ஆழம் தொடங்கும் விளிம்புக்கு இணையாகப் போடுங்கள். தண்ணீரில் விழும் அதே நொடியில் இழுக்கத் தொடங்குங்கள், ராடு நுனியை உயர்த்தியே வையுங்கள்.

கீழ்க் கைகள்தான் முதலில் தரையைத் தொடும். தரை மோசமான இடத்தில் அவற்றில் முள்ளில்லாத ரப்பரோ தகட்டுச் சுழலியோ மாட்டி, முட்களை மேல் கைகளுக்கு மாற்றுங்கள். சில மாநிலங்களில் இது சட்டமும்கூட. டென்னசியில் இந்த ரிக்கில் மூன்று முள்ளுக்கு மேல் கூடாது. வேறு மாநிலத்துக்குப் போகுமுன் அந்த ஊர் விதியைப் பாருங்கள்.

மாட்டிவிட்டதா? ராடை வளைத்து இழுக்காதீர்கள், ராடுதான் ஒடியும். நரம்பைத் தளர்த்திவிட்டு எதிர்ப்பக்கம் நடந்துபோய் அங்கிருந்து இழுங்கள். வரவில்லையென்றால் ஒரு மரத்துண்டில் பிரெய்டை நாலைந்து சுற்றுச் சுற்றி, ராடு நரம்புக்கு நேர்க்கோட்டில் இருக்க, முகத்தைத் திருப்பிக்கொண்டு பின்னால் நடங்கள். கையில் சுற்றினால் பிரெய்டு சதையை அறுத்துவிடும். திடீரென விடுபட்ட ரிக் முகத்தை நோக்கித்தான் வரும், கண்ணாடி இல்லாமல் இதைச் செய்யாதீர்கள்.

சர்காசம் பாசி மிதந்து வரும் வசந்த, கோடை நாட்களில் கடற்கரைப் பக்கம் குடையை எடுக்காமல் இருப்பது நல்லது. ஒவ்வொரு இழுப்பிலும் ஐந்து கையையும் துடைத்துக்கொண்டிருக்க வேண்டிவரும்.

## ஒரு கொத்துகூட இல்லை

“சாமான் சரியா இருக்கு, சுத்தல, சிக்கல, ஆனா மீன் இல்லண்ணே” என்பவர்களிடம் நான் முதலில் கேட்பது, எங்கே நின்று போட்டீர்கள் என்றுதான்.

முழங்கால் ஆழப் புல்வெளித் தண்ணீருக்கு இது ஆகாது. ஐந்து ஈயம் ஒன்றாக விழும் சத்தத்தில் அங்கே உள்ள ரெட்ஃபிஷ் எல்லாம் ஓடிவிடும். குடைக்கு ஆழம் வேண்டும், நீரோட்டம் வேண்டும், பொடிமீன் கூட்டமாகப் போகிற வழியும் வேண்டும். கால்வெஸ்டன் வடக்கு, தெற்கு ஜெட்டிகளின் பாறை விளிம்பு, கப்பல் கால்வாயின் ஓரச் சரிவு, பாலத் தூண்களின் நிழல், குளிர்காலத்தில் மீன் ஒதுங்கும் ஆழக் குழிகள் இதற்குத் தகுந்தவை. சான் லூயிஸ் பாஸ் என்ற நீர்வழி வரைபடத்தில் அருமையாகத் தெரியும். அங்கே நீரோட்டம் ஆளை இழுத்துக்கொண்டு போகும், பலர் மூழ்கியிருக்கிறார்கள். அங்கே தண்ணீரில் இறங்காமல் கரையிலிருந்தே போடுங்கள்.

அடுத்தது நேரம். ஏற்றமோ வற்றமோ, தண்ணீர் ஓட வேண்டும். தண்ணீர் நிற்கும் வேளையில் குடை வெறும் கைவலி.

இரண்டும் சரி என்றால், மீன் எதைத் தின்கிறது என்று பாருங்கள். தண்ணீர் மேல் மடவைக் கூட்டம் துள்ளினால், அல்லது மென்ஹேடன் வெள்ளியாகப் பளிச்சிட்டால், குடைக்கு அதைவிட நல்ல நேரம் கிடையாது. இலையுதிர்காலத்தில் மடவை கரையோரமாகக் கூட்டம் கூட்டமாக இறங்கும் வாரங்கள் அப்படிப்பட்டவை. ஆனால் கடற்காக்கைகள் கத்திக்கொண்டு ஒரே இடத்தில் சுற்றி, அடியில் இறால் துள்ளினால், குடையைக் கழற்றிவிட்டு ஒற்றை ரப்பர் இறாலை மிதவையில் கட்டுங்கள். இறால் தின்னும் ட்ரவுட்டுக்கு முன்னால் மீன் கூட்டத்தைக் காட்டிப் பயனில்லை. பொடிமீன் இரண்டு அங்குலம்தான் இருக்கிறது, உங்கள் ரப்பர் ஐந்து அங்குலம் என்றாலும் இதே கதைதான், அளவைக் குறையுங்கள்.

பிறகு ஆழம். ரிக் விழுந்ததும் ஐந்து எண்ணி ஒரு இழுப்பு, பத்து எண்ணி ஒன்று, பதினைந்து எண்ணி ஒன்று. எந்த எண்ணிக்கையில் கொத்தியதோ அதிலேயே நில்லுங்கள். நிறத்தைக் கடைசியாக மாற்றுங்கள்: தெளிந்த தண்ணீருக்கு வெள்ளையும் வெள்ளியும், கலங்கலுக்குக் கறுப்பு அல்லது பளிச்சென்ற மஞ்சள் பச்சை.

இதையெல்லாம் பார்த்தும் வாரக்கணக்கில் வெறுங்கை என்றால், இன்னொரு ரிக் வாங்கும் பணத்தோடு கொஞ்சம் சேர்த்து, உரிமம் உள்ள உள்ளூர் வழிகாட்டி ஒருவரை அரைநாள் அமர்த்துங்கள். இந்த ரிக்கோடுதான் பிடிக்க வேண்டும் என்று முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். அவர் படகை எங்கே நிறுத்துகிறார், எந்த வேகத்தில் இழுக்கச் சொல்கிறார் என்பதைப் பார்த்தாலே கொடுத்த பணம் வசூலாகிவிடும்.

## ரீல் கரகரக்கிறது

வெளியே நல்ல தண்ணீர் தெளித்துத் துடைத்து, கைப்பிடியிலும் நரம்பு வழிகாட்டியிலும் ஒவ்வொரு சொட்டு எண்ணெய் விடுங்கள். வேகமாகத் தண்ணீர் பீய்ச்சக் கூடாது. உப்பை உள்ளே தள்ளிவிடும். அப்படியும் கரகரத்தால் பேரிங்குக்குள் உப்பு போய்விட்டது. அதோடு ஓட்டாமல் பழுதுபார்க்கும் கடையில் கொடுங்கள். உள்ளே பிரித்துப் பழக்கமில்லாதவர்கள் திறந்து, ஒரு வாஷரைத் தொலைத்து, அதன் பிறகு கடைக்குக் கொண்டுபோனால் செலவு கூடும்.

## இரண்டு மீன் ஒன்றாக மாட்டிக்கொண்டன

சந்தோஷமான கோளாறு, ஆனால் கை கிழிவது இப்போதுதான். மீன் மாட்டிய இரண்டு முள் போக மூன்று முள் வெறுமையாக ஆடிக்கொண்டிருக்கும், மீன்கள் துள்ளத் துள்ள அவையும் துள்ளும். வாயைப் பிடித்துத் தூக்க முயலாதீர்கள். ரப்பர் பூசிய பெரிய வலையால் அள்ளுங்கள். நூல் வலையில் ஐந்து முள்ளும் பின்னிக்கொள்ளும். வலையைத் தரையில் வைத்து, முதலில் ஸ்நாப்பைத் திறந்து மீனோடு சேர்த்து ஜிக் ஹெட்டை ரிக்கிலிருந்து பிரியுங்கள். ரிக்கைத் தள்ளி வைத்த பிறகு, இடுக்கியால் மீன் வாயிலிருந்து முள்ளைக் கழற்றுங்கள். இந்த வரிசை மாறக் கூடாது.

டெக்சஸில் 2024 மார்ச் முதல் ஸ்பெக்கிள்ட் ட்ரவுட் ஒருவருக்கு நாளைக்கு 3 தான், நீளம் 15 முதல் 20 அங்குலம். ரெட்ஃபிஷ்ஷும் 3, அது 20 முதல் 28 அங்குலம். 2021 பிப்ரவரி உறைபனியில் டெக்சஸ் கரையோரம் லட்சக்கணக்கில் மீன் செத்த பிறகு ட்ரவுட்டைக் காப்பாற்றவே இந்தக் கட்டுப்பாடு வந்தது. குடையில் இரண்டிரண்டாக வந்தால் கணக்கு நொடியில் முடிந்துவிடும். திரும்ப விட வேண்டியது அதிகமாகும். அதனால் முட்களின் எதிர்முனையை (நுனிக்குப் பின்னால் எதிர்ப்பக்கம் நீட்டி நிற்கும் சின்ன முனை) இடுக்கியால் அழுத்தி மட்டப்படுத்திவிடுங்கள். மீனுக்கும் காயம் குறையும், உங்கள் விரலில் ஏறினாலும் சுலபமாக வரும்.

## முள் கையில் ஏறிவிட்டது

மற்ற முட்கள் இன்னும் ஆடிக்கொண்டிருந்தால் அவற்றை நிறுத்துவதுதான் முதல் வேலை. ஏறிய முள்ளுக்குரிய ஸ்நாப்பைத் திறங்கள், அல்லது கம்பியை வெட்டுங்கள். முள்ளையே துண்டிக்கக்கூடிய பலமான கட்டர் ஒன்று இடுப்பில் எப்போதும் இருக்கட்டும். பெட்டியின் அடியில் கிடந்தால் உதவாது.

எதிர்முனை மட்டப்படுத்திய முள், சதையில் மேலோட்டமாக ஏறியிருந்தால், வந்த வழியே பின்னால் இழுத்து எடுத்து, நல்ல தண்ணீரிலும் சோப்பிலும் கழுவுங்கள். எதிர்முனை உள்ளே புதைந்திருந்தாலோ, மூட்டுப் பக்கம், விரல் நரம்புப் பக்கம் என்றாலோ இழுக்காதீர்கள்; அப்படியே கட்டுப்போட்டு மருத்துவமனைக்குப் போங்கள். கண்ணிலோ கண் அருகிலோ என்றால் தொடவே வேண்டாம், உடனே 911.

எடுத்துவிட்டோம் என்று விட்டுவிடவும் கூடாது. டெட்டனஸ் ஊசி கடைசியாக எப்போது போட்டீர்கள் என்று பாருங்கள். மே முதல் அக்டோபர் வரை, தண்ணீர் வெதுவெதுப்பாக இருக்கும் மாதங்களில், வளைகுடாக் கரையோரத்தில் விப்ரியோ வல்னிஃபிகஸ் என்ற கிருமி காயத்தின் வழியாக உள்ளே போகலாம். கல்லீரல் நோய், சர்க்கரை நோய் உள்ளவர்களுக்கு இது உயிருக்கே ஆபத்து. காயத்தைச் சுற்றிச் சில மணி நேரத்திலேயே சிவப்பு பரவினால், காயத்தின் அளவுக்கு மீறி வலித்தால், காய்ச்சலோ நீர்க்கொப்புளமோ வந்தால், காலையில் பார்த்துக்கொள்ளலாம் என்று இருக்காதீர்கள். அன்று இரவே அவசரச் சிகிச்சைப் பிரிவுக்குப் போய், “கடல் தண்ணீரில் முள் குத்தியது” என்று முதல் வார்த்தையாகச் சொல்லுங்கள். அதைக் கேட்டால்தான் மருத்துவர் எந்தக் கிருமியைத் தேடுவது, எந்த மருந்தைத் தொடங்குவது என்று தாமதமின்றி முடிவெடுப்பார்.